கத்தரிப்பூ நிறத்தில் ஒரு கோடு

மஞ்சம்பாறையில் வாசல் பூவுக்கு இரண்டே நிறம்தான். வெள்ளையாக இருந்தால் அவரவர் வேலையைப் பார்க்கலாம். சிவந்தால் வீட்டை விட்டுக் கிளம்பிவிட வேண்டும். இது தெரியாமல் அந்த ஊரில் ஒரு குழந்தையும் பால்வாடிக்குப் போனதில்லை. அதனால்தான், ஐப்பசி மழை சற்று ஓய்ந்திருந்த ஒரு காலை வேளையில் லூர்து தெருப் பாத்தியில் கத்தரிப்பூ நிறத்தில் ஒரு பூவைப் பார்த்ததும் ஜெசிந்தா குடையை மடக்கக்கூட மறந்து நின்றுவிட்டாள்.

பேரூராட்சியில் அவளுக்குச் சரிவுக்காவல் அலுவலர் என்று பெயர். ஊர்க்காரர்கள் பூக்காரம்மா என்பார்கள். தாவரவியல் படித்துவிட்டு திண்டுக்கல்லில் ஒரு கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தவள், பேக்கரிக்காரர் அருளப்பனைக் கட்டிக்கொண்டு மலைக்கு வந்தாள். வந்த மறுவருடம்தான் மேலத்தெரு சரிந்தது. ஒரு மழைநாளில் மண்ணும் பாறையுமாக இறங்கி, பிழைத்தவர்கள் இன்னும் பேச விரும்பாத அளவுக்கு அள்ளிக்கொண்டு போனது. அதன்பின் மலையெங்கும் கருவிகளைப் புதைத்துப் பார்த்தார்கள். இடி விழுந்து சில கருகின. குரங்குகள் ஒயர்களைப் பிடுங்கி ஊஞ்சல் ஆடின. மிச்சமிருந்தவற்றின் பேட்டரிகள் திருடு போயின.

கடைசியில் கோயம்புத்தூர் கம்பெனி ஒன்று பூவைக் கொண்டுவந்தது. தோட்டத்தில் வளர்க்கிற காசித்தும்பைதான். அதன் மரபணுவில் ஏதோ ஒன்றைச் சேர்த்திருந்தார்கள். மேல்மண்ணில் நீர் தாங்க முடியாத அளவுக்கு ஏறினால் வெள்ளை இதழ்கள் அரைநாளில் சிவந்துவிடும். கரண்ட் வேண்டாம், பேட்டரி வேண்டாம், குரங்கும் தின்னாது. வீட்டுக்கு வீடு வாசலில் ஒரு பாத்தி போட்டார்கள். அதற்குப் பிறகு இரண்டு முறை பூ சிவந்தது. இரண்டு முறையும் சங்கு ஊதி, சனங்கள் வெளியேறி, மண் வந்து வெறும் வீடுகளை மூடியது. அன்றிலிருந்து அந்தப் பூவை யாரும் தலையில் சூடுவதில்லை, சாமிக்கும் போடுவதில்லை. பறித்தால் அபராதம் என்று தெருமுனையில் போர்டே இருந்தது.

ஜெசிந்தா குனிந்து அந்தச் செடியைப் பார்த்தாள். வெள்ளையும் சிவப்பும் கலந்தால் ரோஸ் வரலாம், கத்தரிப்பூ நிறம் எப்படி வரும்? இலையும் சரியில்லை. தோட்டத்துச் செடிக்கு இலை அகலம். இதற்கு ஒடுங்கி, ஓரத்தில் அரம் போலப் பல் வைத்திருந்தது. தண்டில் லேசான செம்மை. அவள் நிமிர்ந்து தெருவுக்கு மேலே ஈரம் சொட்டிக்கொண்டிருந்த பாறையைப் பார்த்தாள். அங்கே பாறை இடுக்குகளில் காட்டுக் காசித்தும்பை அப்பிக் கிடந்தது. அதுவும் இதே குடும்பம்தான். பூ மட்டும் அரிசி நொய் அளவுக்குத்தான் இருக்கும்.

கம்பெனிக்குப் போன் போட்டாள்.

"நிறம் மாறின செடியெல்லாம் பிடுங்கிடுங்க மேடம்" என்றது ஒரு இளைய குரல். "பாத்தி சுத்தமா இருந்தாத்தான் சரியாக் கணிக்க முடியும்."

"என்ன நிறம்னு கூட நீங்க கேக்கலையே."

"எந்த நிறமா இருந்தாலும் அதான் மேடம் ரூல்."

அவள் பிடுங்கவில்லை. அடுத்த நாள் இன்னும் மூன்று நான்கு வீடுகளில் அதே நிறம் தெரிந்தது. அதற்கடுத்த நாள் நிறைய எதிர்பார்த்துப் போனவளுக்கு ஒன்றுகூடத் தென்படவில்லை. எல்லாம் பழையபடி வெள்ளை. நிம்மதியாகத்தான் இருந்தது. ஒரு வாரம் அந்த நிம்மதியோடு நடந்தாள். பிறகு ஒருநாள், வழக்கத்தைவிட முன்னதாக வீட்டிலிருந்து கிளம்பியபோது, பவளக்கொடி அக்கா தன் வாசலில் குந்தியிருப்பதைப் பார்த்தாள்.

"என்னக்கா பண்றீங்க?"

பவளக்கொடி துள்ளி எழுந்தாள். கணவன் துபாயில் இருக்க, தையல் மிஷினும் ஒற்றை மகளுமாகக் குடும்பம் நடத்துகிறவள். யாருக்கும் சட்டென்று பயப்படுகிற ஆள் இல்லை. இன்று முந்தானையைச் சுருட்டிப் பிடித்திருந்தாள்.

"கோலம் போட வந்தேன்."

"கோலப்பொடி எங்கக்கா?"

பவளக்கொடி பெருமூச்சு விட்டு முந்தானையை அவிழ்த்தாள். கைப்பிடி அளவுக்குக் கத்தரிப்பூ நிறப் பூக்கள்.

"வர்ற ஞாயித்துக்கெழம வத்தலக்குண்டுலருந்து நிவேதாவுக்கு மாப்ள வீட்டுக்காரங்க வீடு பாக்க வர்றாங்க. வாசல்ல இப்புடி ஒண்ணு நின்னா என்ன நெனப்பாங்க? நம்மூருப் பூவப் பத்தி அங்க வரைக்கும் தெரியும். விழப்போற வீடான்னு கேட்டா நான் என்ன சொல்லட்டும்?"

"பறிச்சா அபராதம்னு தெரியும்ல."

"தெரியும். வெள்ளயப் பறிச்சா அபராதம், செவப்பப் பறிச்சா அபராதம். கத்தரிப்பூக் கலரப் பத்திப் போர்டுல ஒண்ணும் எழுதலயே." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "நான் மட்டுமா பறிக்கிறேன்? தெருவே பறிக்குது. உன் வீட்டுக்காரரயும் கொஞ்சம் கேளு."

ஜெசிந்தா நேரே பேக்கரிக்கு நடந்தாள்.

அருளப்பன் வர்க்கி பிஸ்கட்டுக்கு மாவு அடித்துக்கொண்டிருந்தார். புருவத்திலெல்லாம் மைதா. பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய சிரிப்பு. கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் அந்தச் சிரிப்புக்காக வருகிறவர்கள் என்று ஊரில் சொல்வார்கள். மனைவியின் முகத்தைப் பார்த்ததும் அது காணாமல் போனது.

"பவளக்கொடி சொல்லிருச்சா?"

"எத்தன நாளாங்க?"

"டீ குடிக்கிறியா?"

"எத்தன நாளா?"

"மொதல்லருந்தே." அவர் மாவைப் பார்த்துக்கொண்டு பேசினார். "உனக்குத் தெரிஞ்சா நீ ரிப்போர்ட்டு எழுதணும். எழுதுனா கடய மூடச் சொல்லுவாங்க. கிறிஸ்மஸ் கேக்குக்குப் பழமெல்லாம் ஊறப் போட்டாச்சு, ஜெசி. இந்த ஒரு மாசந்தான் நமக்கு வருஷம். சீசன் முடியட்டும், சொல்லிக்கலாம்னு நெனச்சேன்."

"ஒரு வாரமா நான் தெருத் தெருவா நடந்து, கொறஞ்சிருச்சுன்னு சந்தோசப்பட்டுக்கிட்டு இருந்தேன். ராத்திரி உங்ககிட்ட வந்து சொல்லவும் செஞ்சேன். நல்லதுதான்னு சொன்னீங்க. எல்லாரும் சேந்து என் கண்ணக் கட்டி விட்டுட்டீங்க. அதுல ஒரு முடிச்சு நீங்க போட்டது."

அவள் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் அவர் ஏதாவது வேடிக்கையாகச் சொல்லிச் சமாளித்திருப்பார். அருளப்பன் கையைக் கழுவினார். துடைத்தார். மறுபடியும் துடைத்தார்.

"மொதல்ல பூத்தது நம்ம அடுப்புக்குப் பின்னாலதான்" என்றார். "நீ லூர்து தெருவுல பாக்குறதுக்கு ரெண்டு நாளைக்கி முந்தி. அதுக்கப்புறம் கீழ எறங்குச்சு. எங்கெங்கன்னு எனக்குத் தெரியும். எனக்குத் தெரியாத வீடு இருந்தாலும் வா, நானே கூட வந்து கேக்குறேன். எங்கிட்டப் பொய் சொல்ல மாட்டாங்க, நானும் கூட்டுக்களவாணிதான."

இருவரும் வீடு வீடாகப் போனார்கள். பூக்காரம்மாவைப் பார்த்து முகம் திருப்பியவர்கள், பின்னால் அருளப்பன் அசடு வழிந்துகொண்டு நிற்பதைப் பார்த்ததும் ஒப்புக்கொண்டார்கள். ஒருவர் பறித்து அடுப்பில் போட்டிருந்தார். ஒருவர் ஆட்டுக்குப் போட, ஆடு தின்ன மறுத்திருந்தது. ரிட்டயரான தலைமையாசிரியர் ஒருவர், பறிக்க மனம் வராமல் பூக்களின் மேல் சுண்ணாம்பு அடித்திருந்தார்.

சொன்னதையெல்லாம் ஜெசிந்தா ஊர் வரைபடத்தில் புள்ளி வைத்துக்கொண்டே வந்தாள். மாலையில் அதை விரித்துப் பார்த்தபோது புள்ளிகள் சிதறிக் கிடக்கவில்லை. மேலே பாறையடியில் தொடங்கி, மாதா கோயில் பின்சுவர், பேக்கரி அடுப்பு, பவளக்கொடி வாசல், கடைசியாகப் பஸ் ஸ்டாண்ட் என்று ஒரு மாட்டுவண்டி போகிற அகலத்துக்கு ஒரே கோடாக இறங்கியிருந்தது.

"எப்புடியும் வெள்ளப் பூவெல்லாம் வெள்ளையாத்தான இருக்கு" என்றார் அருளப்பன்.

"அதாங்க எனக்குப் பயம்" என்றாள் அவள்.

சனிக்கிழமை கம்பெனியிலிருந்து முனைவர் வாகீசன் வந்தார். செடிகளைப் பிடுங்க ஆள் அனுப்புவதாகச் சொன்னவர்களிடம், முதலில் விஷயம் தெரிந்த ஒருவரை அனுப்புங்கள் என்று ஜெசிந்தா பிடிவாதம் பிடித்திருந்தாள். வந்தவருக்கு நாற்பது வயதிருக்கும். கழுத்து வரை இறங்கும் கம்பளிக் குல்லா போட்டுக்கொண்டு, தூறலில் முட்டி போட்டு உட்கார்ந்து செடியைப் பார்த்தார். பார்த்ததும் குல்லாவைக் கழற்றிவிட்டார்.

"இது கலப்புதான் மேடம். எங்க செடியும் உங்க பாறைச் செடியும்."

"உங்க செடியோட மகரந்தம் மலடுன்னு சொன்னீங்களே சார்?"

"மலடுதான். எங்க பூவிலேர்ந்து காட்டுக்கு ஒண்ணும் போகக் கூடாதுன்னு அந்த வாசலை அடைச்சோம். காட்டுலேர்ந்து மகரந்தம் இங்க வரும்னு யோசிக்கலை. மாப்பிள்ளை வீட்டுப் பக்கம் பூட்டிட்டு, பொண்ணு வீட்டுப் பக்கம் திறந்து வச்சுட்டோம். அஞ்சாறு வருஷமா வண்டு பாட்டுக்கு வந்து போயிருக்கு."

"இன்னொண்ணு காட்டுறேன், வாங்க."

அவள் அவரைக் கோட்டிலிருந்து விலகி, இரண்டு தெரு தள்ளி அழைத்துப் போனாள். அங்கேயும் ஒடுங்கிய இலையும் செந்தண்டுமாகச் செடிகள் நின்றன. எல்லாவற்றிலும் பூ அப்பழுக்கில்லாத வெள்ளை. வாகீசன் அங்கும் இங்குமாக நான்கைந்து வாசல்களைப் பார்த்தார்.

"அப்போ கலப்பு ஊர் முழுக்க இருக்கு" என்றார் மெதுவாக. "பிறக்கும்போதே அந்த நிறம் இல்லை. அந்தக் கோட்டுல நிக்கிறது மட்டும் மாறுது."

"எங்க ஊர்ல வாசலுக்கு வாசல் ஹைட்ரேஞ்சியா வளப்பாங்க சார். ஒரே செடியப் பேத்து இந்தப் பக்கம் வச்சா நீலம், அந்தப் பக்கம் வச்சா ரோஸ். மண்ணுல இருக்குற உப்ப வச்சு நிறம் மாறும். இதுவும் அப்புடித்தான்னு நெனைக்கிறேன். பாறைக்கு அடியில கெடக்குற தண்ணி, பாறையோட உப்பக் கரச்சுக்கிட்டு, அந்தக் கோட்டு வழியா மேல ஏறுது. உங்க வெள்ளப் பூ மேல்மண்ணு நனஞ்சிருக்கான்னுதான் பாக்கும். அடியில என்ன நடக்குதுன்னு அதுக்குத் தெரியாது."

மழை வலுத்தது. இருவரும் ஒரு கடைவாசலில் ஒதுங்கினார்கள்.

"ஏறுற தண்ணி என்ன செய்யும் சார்?"

"ஒண்ணும் செய்யாமலும் போகலாம். வழி கிடைக்கலைன்னா முட்டித் தள்ளலாம். எனக்குத் தெரியாது மேடம். நிஜமாவே தெரியாது. பூ சிவக்காம சங்கு ஊதச் சொல்லி நான் எழுதிக் குடுக்க முடியாது. அதுக்கு எங்க கம்பெனியிலயும் வழி இல்ல, உங்க பேரூராட்சியிலயும் வழி இல்ல." நனைந்த குல்லாவைப் பிழிந்துகொண்டே சொன்னார்: "நான் பஸ் ஸ்டாண்ட் பக்கத்து லாட்ஜ்ல ரூம் போட்டிருந்தேன். நீங்க காலைல அந்த மேப்பை அனுப்பினதும் காலி பண்ணிட்டேன்."

ஜெசிந்தாவுக்கு அது போதுமாயிருந்தது.

அவள் கோட்டின் மேலிருந்த வீடுகளில் ஒவ்வொன்றாக ஏறி இறங்கினாள். நான்கைந்து நாட்களுக்கு எதிர் மேட்டிலுள்ள மேல்நிலைப் பள்ளியில் போய்த் தங்குங்கள் என்றாள். யாரும் அசையவில்லை. சங்கு ஊதட்டும், போகிறோம் என்றார்கள். பூ வெள்ளையாகத்தானே இருக்கிறது என்று அவளிடமே காட்டினார்கள். அவளே சொல்லிக்கொடுத்த பாடம்தான். நனைந்த சேலையோடு பேக்கரிக்குத் திரும்பி முக்காலியில் உட்கார்ந்தாள். அங்கே பவளக்கொடியும் ரொட்டி வாங்க வந்து நின்றிருந்தாள்.

"போங்கன்னு சொன்னா யாரு போவா, ஜெசி?" என்றார் அருளப்பன். "வாங்கன்னு கூப்புட்டாத்தான் வருவாங்க."

"எதுக்குக் கூப்புடுறது?"

"சாப்புடத்தான். வேற எதுக்கு ஊர் ஒண்ணு கூடும்?"

"காரணமில்லாம சாப்பாடு போட்டா சந்தேகப்படுவாங்கங்க."

பவளக்கொடி ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு ரொட்டியை மேசையில் வைத்துவிட்டுப் போனை எடுத்தாள்.

"சம்பந்தி, நான் பவளக்கொடி பேசுறேன். நாளைக்கு வீடு பாக்க வர்றீங்கல்ல... அது ஒண்ணு சொல்லணும். வாசல்ல ஒரு மாதிரிப் பூப் பூத்துருக்கு. வீடு நிக்குமா நிக்காதான்னு எங்க ஆபீசரம்மாவுக்கே தெரியல. மறச்சு வச்சு உங்களக் கூட்டிட்டு வர எனக்கு இஷ்டமில்ல." அந்தப் பக்கத்தில் ஏதோ சொன்னார்கள். அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். "ஆமா. அப்ப வீட்ட விட்டுருவோம். உங்களுக்குச் சம்மதம்னா நாளைக்கே நிச்சயத்த வச்சுருவோம். பள்ளிக்கூடத்து ஹால்ல. எங்க தெருவே வரும்."

போனை இடுப்பில் செருகிக்கொண்டு ரொட்டியை மறுபடி எடுத்தாள். "யோசிச்சுச் சொல்றேன்னாங்க" என்றாள்.

அரைமணி நேரத்தில் பதில் வந்தது. வருகிறார்கள்.

அதன்பிறகு நடந்ததை மஞ்சம்பாறை இன்றும் சிரித்துக்கொண்டே சொல்லும். லூர்து தெருவில் ஒரு வீட்டையும் விடாமல் பவளக்கொடி வெற்றிலை பாக்கு வைத்தாள். பள்ளித் தலைமையாசிரியை சாவியைக் கொடுத்ததோடு பாத்திரமும் கொடுத்தார். காய் நறுக்க வாருங்கள் என்று பெண்கள் அன்று சாயங்காலமே மேட்டுக்கு ஏற்றப்பட்டார்கள். சீட்டு விளையாடலாம் என்று ஆண்களை வரவழைத்தார் அருளப்பன். மழையில் இறங்கிப் போவானேன் என்று பாதித் தெரு அங்கேயே பாய் விரித்துவிட்டது. மறுநாள் காலையில் மீதிப் பாதி குளித்து, பட்டு உடுத்தி, குடை பிடித்து வந்தது. அருளப்பன் கிறிஸ்துமஸுக்கு ஊற வைத்திருந்த பழம் அத்தனையையும் கேக்காகப் போட்டுத் தலைச்சுமையாக ஏற்றியிருந்தார். ஜெசிந்தா அதைப் பார்த்துவிட்டு எதுவும் சொல்லாமல் அவர் புருவத்திலிருந்த மாவைத் துடைத்துவிட்டாள். ஒரு வாரமாக அவரிடம் அவள் அப்படி நெருங்கி நிற்கவில்லை.

லாட்ஜ்காரரையும் விருந்துக்கு இழுத்து வந்தது வாகீசன்தான். முன்பணத்தைத் திருப்பித் தரும்வரை விடமாட்டேன் என்று வாதாடிக்கொண்டே மேடு வரை கூட்டி வந்துவிட்டார்.

தட்டு மாற்றி முடிந்து இரண்டாம் பந்தி நடந்துகொண்டிருந்தது. ரசம் வந்தபோது, பெரிய லாரி ஒன்று மேட்டில் ஏற முடியாமல் கியர் மாற்றுவது போல ஒரு சத்தம் கேட்டது. பரிமாறியவர்கள் வாளியோடு நின்றார்கள். எல்லோரும் வராந்தாவுக்கு ஓடினார்கள்.

எதிரே, பேக்கரியின் பின்சுவர் மெல்லக் குனிந்தது. அதன் அடியிலிருந்து காப்பி நிறத்தில் தண்ணீர் ஆள் உயரத்துக்குப் பீறிட்டது. லூர்து தெருவின் நடுவே தார் ரோடு அப்பளம் போல உப்பி, வெடித்து, உள்ளே போனது. பவளக்கொடி வீட்டின் முன்னறையைத் தெரு கூடவே இழுத்துக்கொண்டது. லாட்ஜின் மாடிப்படி தனியாகக் கழன்று பஸ் ஸ்டாண்டில் போய் நின்றது. வெள்ளம் பாத்திகளைப் பெயர்த்துக்கொண்டு இறங்கியது. அதில் மிதந்து போன தோட்டத்துப் பூக்கள் கடைசி வரை வெள்ளையாகவே இருந்தன.

ஜெசிந்தா தலைகளை எண்ணுவது போலச் சுற்றிப் பார்த்தாள். எல்லோரும் இருந்தார்கள். அருளப்பன் இல்லை.

"எங்க அவரு? யாராவது பாத்தீங்களா?"

"எலை பத்தலன்னு எடுக்கப் போனாரே" என்றாள் கல்யாணப் பெண் நிவேதா. சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஜெசிந்தா படியிறங்கி ஓடினாள். மழையில் பாதை வழுக்கியது. வாகீசன் பின்னாலேயே ஓடி வந்தார். பள்ளி மதிலைத் தாண்டும்போது, வளைவில் ஒரு பெரிய வாழையிலைக் கட்டு தானாக நடந்து வருவது தெரிந்தது. அதற்குக் கீழே அருளப்பனின் கால்கள்.

"மேல்மேட்டுக் கடையிலயே எல இருந்துச்சு. கீழ போவேனா?" என்றார். அவள் அந்தக் கட்டோடு சேர்த்து அவரைப் பிடித்துக்கொண்டாள். அவள் தோளுக்கு மேலே அவர் எதிர்ச்சரிவைப் பார்த்தார். அடுப்பு இருந்த இடத்தில் தண்ணீர் கொப்பளித்துக்கொண்டிருந்தது. அவரது அப்பா கட்டிய அடுப்பு. பிறகு, "மூணாம் பந்திக்கு ஆள் காத்திருக்கும், வா" என்றார்.

கீழே போகிற ரோடு அறுந்துபோனதால் வத்தலக்குண்டுக்காரர்களும் அன்று அங்கேயே தங்க வேண்டியதாயிற்று. மாப்பிள்ளையின் தகப்பனார் பள்ளிக்கூட பெஞ்சில் கால் நீட்டிக்கொண்டு, "வீடு பாக்க வந்தோம், வீட்டுல பாதியக் காணோம். பொண்ணு முழுசா இருக்கு. அது போதும் தாயி" என்று பவளக்கொடியிடம் சொல்ல, ஒரு வாரமாக அடக்கி வைத்திருந்த அழுகையை அவள் அப்போதுதான் சிரித்துக்கொண்டே அழுது தீர்த்தாள். யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. மூன்றாம் நாள் தண்ணீர் தெளிந்தது. அடுத்த வாரம் குடித்துப் பார்த்தார்கள், இனித்தது. கோடையில் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு வரிசையில் நின்ற ஊருக்கு நடுத்தெருவிலேயே ஊற்று கிடைத்துவிட்டது.

பொங்கல் கழிந்து வாகீசன் மறுபடி வந்தார். அருளப்பனின் புதுக் கடை பள்ளிக்கூடத்து மேட்டிலேயே தகரக் கொட்டகையில் நடந்துகொண்டிருந்தது. வர்க்கியும் டீயும் வந்தன. வாகீசன் இரண்டையும் தொடவில்லை.

"கம்பெனியில அந்தக் கலப்புக்குப் பேர்கூட வச்சிட்டாங்க மேடம். ஆழ்நீர்க் காவல்பூன்னு. மலையூருக்கெல்லாம் விக்கலாம்னு திட்டம். காப்புரிமை வாங்கணும்னா எங்க மரபணு அதுல இருக்குன்னு காட்டணும். அதுக்காக உங்க ஊர்ச் செடியெல்லாம் சோதிச்சுப் பாத்தோம்."

"பாத்து?"

"இல்லை." அவர் முகத்தில் வருத்தம் இல்லை. ஒரு வேடிக்கையான மலர்ச்சி இருந்தது. "நாங்க சேர்த்த மரபணு அதுல ஒண்ணுலகூட இல்லை. ரெண்டாவது தலைமுறையிலயே காட்டுச் செடி அதை உதறிடுச்சு. அந்த நிறம் முழுக்க முழுக்கப் பாறைச் செடியோடது. எங்க செடி குடுத்தது ஒண்ணே ஒண்ணுதான், பெரிய இதழ். உங்க கண்ணுக்குத் தெரியற அளவுக்கு."

ஜெசிந்தா டீ கிளாஸைக் கீழே வைத்தாள்.

"அப்ப பாறையில இருக்குற பூ?"

"அது எப்பவும் நிறம் மாத்திக்கிட்டுதான் இருந்திருக்கணும். மேலத்தெரு விழுந்த வருஷம்கூட."

நொய்யளவு பூவை யார் குனிந்து பார்ப்பார்கள்? தானும் பார்க்கவில்லையே என்று அவள் நினைத்துக்கொண்டாள். மேலத்தெருக்காரர்களின் முகங்கள் ஒவ்வொன்றாக வந்து போயின. பிறகு எழுந்து கை நீட்டினாள்.

"சார், உங்க லென்ஸக் குடுங்க."

இருவரும் பாறைக்கு ஏறினார்கள். வெயில் நன்றாக அடித்தது. ஊற்றுக்கு மேலே இருந்த இடுக்குகளில் லென்ஸை வைத்துப் பார்த்தார்கள். தண்ணீர் வெளியேறிவிட்டதால் நொய்ப் பூக்கள் வெளிறிய வெள்ளைக்குத் திரும்பியிருந்தன. அவள் பாறையைச் சுற்றிக்கொண்டு, ஊரே இல்லாத மேற்குப் பக்கத்துக்குப் போனாள். குனிந்தாள். வெகுநேரம் நிமிரவில்லை.

"என்ன மேடம்?"

லென்ஸை அவரிடம் கொடுத்தாள். அந்தப் பக்கத்துப் பூக்கள், கண்ணுக்கெட்டிய இடுக்குகளிலெல்லாம், எலுமிச்சை மஞ்சளாக இருந்தன.

"இது எங்க பேப்பர் எதுலயும் இல்லை" என்றார் வாகீசன்.

அவள் போனை எடுத்து அருளப்பனை அழைத்தாள். பின்னணியில் ரொட்டித் தட்டுகள் உரசும் சத்தம் கேட்டது.

"ஏங்க, இங்க இன்னொரு கலர் இருக்கு. மஞ்சள்."

"மஞ்சள்னா என்ன அர்த்தமாம்?"

"யாருக்கும் தெரியல."

அந்தப் பக்கம் தட்டுகளின் சத்தம் நின்றது.

"சரி" என்றார் அருளப்பன். "எத்தன பேருக்குச் சமைக்கணும்னு மட்டும் முன்கூட்டியே சொல்லிரு."